அப்பாவின் பழைய கைத்துப்பாக்கி சுடுமா? சிங்கப்பூரிலுள்ள வாரிசுகளுக்கு ஒரு வழிகாட்டி

அப்பா 2022ஆம் ஆண்டு காலமானபோது நானும் அக்காவும் சிங்கப்பூரிலிருந்து பட்டுக்கோட்டைப் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்குப் போய், காரியங்களை முடித்துவிட்டுத் திரும்பினோம். இரண்டு வாரம் கழித்து, ஊரிலேயே இருக்கும் தம்பி ஒரு படம் அனுப்பினான். பத்தாயத்துக்குப் பின்னால் கிடந்த டிரங்குப் பெட்டியில், பழைய வேட்டித் துணியில் சுற்றப்பட்டு ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. குழலின் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கும் பழைய வகை அது. பூட்டின் (சுடவைக்கும் பொறியின்) மேல் ஒரு சிங்கமும், குழலின் அடிப்பகுதியில் கிரீடம் வைத்த சிறு முத்திரைகளும் தெரிந்தன. அக்காவின் மகன் உடனே கேட்ட கேள்வி, “மாமா, இது சுடுமா?” என்பதுதான்.

அந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் கிடைக்க எங்களுக்கு 14 மாதங்கள் பிடித்தன. அவற்றில் பாதியாவது நாங்கள் வரிசை தவறிச் செய்ததால் வீணானவை. இங்கிருந்தபடியே ஊரிலுள்ள பரம்பரைத் துப்பாக்கி ஒன்றுக்கு வழி தேட வேண்டியிருப்பவர்கள் கீழ்க்காணும் வரிசையிலேயே செய்தால் அந்த மாதங்களை மிச்சப்படுத்தலாம்.

1. துப்பாக்கி எந்த நாட்டில் இருக்கிறது?

சிங்கப்பூரில் இருக்கிறது என்றால் இந்தக் கட்டுரையில் உங்களுக்குத் தேவையானது இந்த ஒரு பத்திதான். தாத்தாவின் வீவக வீட்டு அலமாரியிலோ, கடைவீட்டுப் பரணிலோ துப்பாக்கி போன்ற பொருளோ தோட்டாவோ கிடைத்தால், அதைத் தொடாமல், அறையைப் பூட்டிவிட்டு 999ஐ அழையுங்கள். நல்ல எண்ணத்தோடு பையில் போட்டுக்கொண்டு காவல் நிலையத்துக்கு எம்ஆர்டியில் கிளம்பிவிடாதீர்கள். 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டப்படி உரிமமில்லாமல் ஆயுதம் வைத்திருப்பதற்கு 5 முதல் 10 ஆண்டுவரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் விதிக்கப்படும். பழைய சாமான்தானே என்று நீங்களே முடிவு செய்துகொள்ளும் இடம் இதுவன்று.

துப்பாக்கி இந்தியாவில் இருந்தால், அது அங்கேயே இருக்கட்டும். “இங்கே கொண்டுவந்து கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாமே” என்று எங்கள் வீட்டிலும் ஒருவர் கேட்டார். இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பொருளைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே எடுத்துச்செல்ல முடியாது. இந்தப் பக்கத்திலோ முன் சொன்ன சட்டம் காத்திருக்கிறது. முழுத் துப்பாக்கி மட்டுமன்று, நினைவுக்கு என்று அதன் குதிரையையோ (விசையை அழுத்தினால் விழுந்து தட்டும் சுத்தி போன்ற பாகம்) ஒரு ஈய ரவையையோ பெட்டியில் போட்டுக்கொண்டு சாங்கியில் இறங்குவதும் அதே வம்பில்தான் முடியும்.

2. கெட்டித்திருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்

வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியைத் திறந்து பார்க்க வழியில்லை. தோட்டாத் துப்பாக்கியில் உருளையைச் சாய்த்தால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும். இதில் மருந்தும் ரவையும் குழலின் அடியில் இறுகிக் கிடந்தாலும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரும்புக் குழாய் மட்டுமே தெரியும். வேட்டைக்குப் புறப்படும்போது கெட்டித்து, சுட வாய்ப்புக் கிடைக்காமல் திரும்பி, அப்படியே சுவரில் மாட்டிவைப்பது அந்தக் காலத்து வழக்கம். கருமருந்து என்னும் அந்தப் பழைய வகை வெடிமருந்தோ ஈரம் படாமல் இருந்தால் நூறாண்டு கழித்தும் தீப்பிடிக்கும்.

எனவே துணியைப் பிரித்து அழகு பார்ப்பது, குதிரையை இழுத்து “டக்” என்று விட்டுப் பார்ப்பது, குழலுக்குள் கம்பியை விட்டுக் குத்துவது, எண்ணெய் ஊற்றித் துடைப்பது ஆகிய எல்லாவற்றையும் தவிர்க்க வேண்டும். குழலின் வாய் ஆளில்லாத சுவரைப் பார்த்திருக்கும்படி பெட்டியோடு விட்டுவிட்டு, அந்த அறைக்குக் குழந்தைகள் போகாமல் பார்த்துக்கொள்வதே போதும். எங்கள் வீட்டில் இதைச் சொல்வதற்கு முன்பே தம்பி குதிரையை இரண்டு முறை இழுத்துவிட்டுப் படம் எடுத்திருந்தான். அது எவ்வளவு பெரிய காரியம் என்பது ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. ஆறாம் பகுதியில் சொல்கிறேன்.

3. உரிமப் புத்தகத்தையும் அதற்குள் இருக்கும் சீட்டுகளையும் தேடுங்கள்

அப்பாவின் உரிமப் புத்தகம் பீரோவில், நிலப் பத்திரங்களுக்கு நடுவில் இருந்தது. கடைசியாகப் புதுப்பித்தது 2009ஆம் ஆண்டு. காலாவதியான புத்தகத்தால் என்ன பயன் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உரிம எண், துப்பாக்கியின் வகை, குழலின் நீளம் ஆகியவை அதில் எழுதப்பட்டிருக்கும். இந்தத் துப்பாக்கி எங்கிருந்தோ வந்த கள்ளத் துப்பாக்கியன்று, அரசுப் பதிவேட்டில் இருந்த பொருள் என்பதற்கு அதுவே முதல் சான்று.

புத்தகம் கிடைக்காவிட்டால் தேர்தல் ரசீதுகளைத் தேடுங்கள். தேர்தல் அறிவித்ததும் உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது தமிழ்நாட்டில் வழக்கம். ஒப்படைத்தவருக்கு ஒரு ரசீது கொடுப்பார்கள். அப்பா அப்படிப்பட்ட மூன்று சீட்டுகளைப் புத்தகத்துக்குள்ளேயே மடித்து வைத்திருந்தார். மற்ற எந்தக் காகிதத்தையும்விட அந்த மூன்றும்தான் எங்களுக்குப் பேச்சைச் சுலபமாக்கின.

4. முதலில் ஒப்படையுங்கள், பிறகு பரிசோதியுங்கள்

இந்த இடத்தில்தான் நாங்கள் தவறினோம். துப்பாக்கியை யாரிடமாவது காட்டிச் சரிபார்த்துவிட்டுப் பிறகு காவல் நிலையத்துக்குப் போகலாம் என்று நினைத்து மூன்று மாதம் ஆள் தேடினோம். முறை இதற்கு நேர்மாறானது. இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி, உரிமம் காலாவதியானாலோ உரிமதாரர் இறந்தாலோ, துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவர் வீண் தாமதமின்றி அதைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கி வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். உரிமமின்றி வைத்திருப்பதற்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. தாமதம் ஏன் என்று கேட்டால் சொல்ல ஒரு பதில் வேண்டும். இறப்புச் சான்றிதழின் தேதியும் துப்பாக்கி கிடைத்த தேதியும் அருகருகே இருப்பதே நல்ல பதில்.

துப்பாக்கியை ஊரிலிருப்பவர் தாமே எடுத்துக்கொண்டு போகக் கூடாது. வழக்கறிஞர் ஒருவர் மூலம் காவல் நிலையத்துக்கு எழுத்தில் தெரிவித்தோம். காவலர்கள் வீட்டுக்கு வந்து எடுத்துச் சென்றார்கள். வழக்கறிஞர் கட்டணம் 5,000 ரூபாய். அன்றே வாங்க வேண்டியது ரசீது. அதில் “பழைய துப்பாக்கி ஒன்று” என்று மட்டும் எழுதியிருந்தால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். வகை, குழலின் நீளம், முத்திரைகள், உடைந்த பாகங்கள் எல்லாம் எழுதப்பட வேண்டும். உள்ளே மருந்து இருக்கக்கூடும் என்பதையும் வாய்விட்டுச் சொல்லி, ரசீதிலும் குறிக்கச் சொல்லுங்கள்.

நிலையத்தின் பொருளறை பழைய இரும்புக்கு நல்ல இடமன்று. மழைக்காலத்தில் துரு ஏறிவிடும். அதனால் உரிமம் பெற்ற வணிகரிடம் மாற்றித் தரும்படி மனுக் கொடுத்தோம். துப்பாக்கி திருச்சியிலுள்ள ஒரு கடைக்குப் போய்ச்சேர ஏழு வாரம் ஆனது. கடையில் பாதுகாப்புக்கு மாத வாடகை உண்டு. எங்களுக்கு 500 ரூபாய். கடையைத் தேர்ந்தெடுக்கும்போது விற்பனை உரிமம் மட்டும் உள்ளதா, பழுதுபார்க்கவும் சோதிக்கவும் உரிமம் உள்ளதா என்று கேளுங்கள். ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதையும் சோதித்துப் பார்ப்பதையும் உரிமம் வேண்டிய வேலைகளாகவே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. தென்னந்தோப்பில் கட்டிவைத்து ஒரு கயிற்றால் இழுத்துப் பார்த்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அது ஆபத்து மட்டுமன்று, குற்றமும்கூட என்று சொல்லி நிறுத்திவிடுங்கள்.

5. சிங்கப்பூரிலிருந்து அனுப்ப வேண்டிய காகிதங்கள்

துப்பாக்கியைத் திரும்பப் பெறுவதற்கோ, வாரிசு ஒருவர் பெயரில் உரிமம் கேட்பதற்கோ இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையில்லா உறுதிமொழி ஆகியவை தேவை. உரிமம் கேட்பவர் ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சி பெற்ற சான்றையும் காட்ட வேண்டும். ஊரில் வசிக்கும் வாரிசின் பெயரில் கேட்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்; எங்கள் வீட்டில் அது தம்பி. மாவட்டங்களில் ஆட்சியரும் மாநகரங்களில் காவல் ஆணையரும் உரிமம் வழங்குகிறார்கள்.

அக்காவும் நானும் கொடுக்க வேண்டியது அந்த உறுதிமொழி. சிங்கப்பூரில் நோட்டரி ஒருவர் முன் கையெழுத்திட்டு, சிங்கப்பூர்ச் சட்டக் கழகத்தில் அப்போஸ்டில் முத்திரை (வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்கான சான்று) பெற வேண்டும். அப்போஸ்டில் முறை சிங்கப்பூரில் 2021 செப்டம்பர் 16 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தியாவும் அந்த உடன்படிக்கையில் இருப்பதால் இந்தக் காகிதத்தை அங்கே ஏற்கிறார்கள். நோட்டரிக்கும் முத்திரைக்குமாகச் சேர்த்து ஒருவருக்கு 200 வெள்ளிக்குச் சற்றுக் குறைவாக ஆனது. ஒரே வாரத்தில் முடிந்துவிட்டது. முழு நடைமுறையிலும் சொன்ன நாளில் முடிந்த ஒரே வேலை இதுதான்.

பெயர் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. இங்கே அடையாள அட்டையில் தந்தை பெயர் “மகன்”, “மகள்” என்ற குறிப்போடு பின்னால் வரும். ஊர்க் காகிதங்களில் அது முன்னெழுத்தாக நிற்கும். வாரிசுச் சான்றிதழில் ஒரு மாதிரியும் உறுதிமொழியில் இன்னொரு மாதிரியும் இருந்ததால் எங்கள் காகிதங்கள் திரும்பி வந்தன. இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற வாசகத்தை முதலிலேயே உறுதிமொழிக்குள் சேர்த்துவிட்டால் இரண்டாவது முறை 400 வெள்ளி செலவழிக்க வேண்டியிருக்காது.

6. பரிசோதனையின்போது பக்கத்தில் இருங்கள்

விடுப்பு எடுத்துக்கொண்டு திருச்சிக்குப் போய்விடுங்கள். கீழே உள்ளவற்றை நீங்கள் செய்ய வேண்டாம். செய்பவர் எதையாவது விட்டுவிட்டால் கேட்பதற்காகத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் முதலில் காட்டிய ஒருவர், கடையின் பெயர் வேண்டாம், குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “எண்ணெய் போட்டால் நன்றாகச் சுடும்” என்று இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டார். அடிப்பக்கம் அடைத்திருக்கும் குழலை வெளிச்சத்தில் பிடித்தால் என்ன தெரியும் என்று அப்போது எங்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

இரண்டாவதாகப் பார்த்த பெரியவர் முதலில் எடுத்தது ஒரு மெல்லிய மரக்குச்சி. குதிரையைத் தளர்த்தி வைத்து, நிப்பிளில் (குதிரை வந்து தட்டும் சிறு துளைக்குமிழில்) கேப் (தட்டினால் தீப்பொறி தரும் செப்பு மூடி) இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, குழல் தம்மைப் பார்க்காதபடி பக்கவாட்டில் நின்று, குச்சியை மெல்ல உள்ளே இறக்கி, குழல்வாய் மட்டத்தில் பென்சிலால் கோடிட்டார். பிறகு அதே குச்சியைக் குழலின் வெளிப்புறத்தில் வைத்துப் பார்த்தார். குழல் காலியாக இருந்தால் குச்சியின் நுனி நிப்பிள் இருக்கும் இடத்துக்கு நேராக வர வேண்டும். எங்களுடையதில் ஒன்றரை அங்குலம் முன்னாலேயே நின்றது. பெரியவர் என் தம்பியைப் பார்த்து, “குதிரையை இழுத்து விளையாடினீங்களா?” என்று கேட்டார். அவன் தலையாட்டினான். நிப்பிளில் ஒரு செப்புக் கேப் ஒட்டிக்கொண்டு இருந்திருந்தால் படம் எடுத்தவனே படமாகியிருப்பான்.

கெட்டித்ததை அகற்ற ஒரு முழு நாள் ஆனது. கருமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. அது தண்ணீரில் கரைந்துவிடும் என்பதால், குழலில் தண்ணீரும் பிறகு எண்ணெயும் ஊறவைத்து, நுனியில் திருகு உள்ள கம்பியால் ஈய ரவையைத் துளைத்து இழுத்தெடுத்தார். வெளியே வந்த கறுப்புச் சேற்றை ஒரு கிண்ணத்தில் எடுத்துவைத்து, எவ்வளவு இருந்தது என்று கையேட்டில் எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு பூட்டு. குதிரையைப் பாதி இழுத்தால் அது ஒரு பள்ளத்தில் நிற்கும். அந்த நிலையில் விசையை எவ்வளவு அழுத்தினாலும் விழக் கூடாது. முழுதாக இழுத்து நிறுத்தியபின், விசையைத் தொடாமல் கட்டைவிரலால் பின்னாலிருந்து தள்ளினாலும் விழக் கூடாது. நிப்பிளின் மேல் தோல்துண்டு வைத்து இரண்டையும் பத்துப் பத்து முறை செய்தார். முழு நிலை நின்றது. பாதி நிலை மூன்றாவது முறையே நழுவியது. இடுப்பில் செருகிக்கொண்டு போகும்போது தானாக வெடிப்பது இப்படித்தான் என்றார்.

குழலின் உட்புறம்தான் முக்கியமான இடம். கருமருந்தின் எச்சம் ஈரத்தை இழுக்கும். பழைய கேப்புகளில் இருந்த குளோரேட் எரிந்து உப்பாகத் தங்கும். இரண்டும் அதிகம் சேர்வது குழலின் அடியில், அதாவது வெடிப்பின் அழுத்தம் முழுதும் தாங்க வேண்டிய அதே இடத்தில். வாய்ப்பக்கம் வழவழப்பாக இருப்பதைப் பார்த்து ஏமாறுவது இதனால்தான். நுனியில் விளக்கு உள்ள சிறு கேமராவை உள்ளே விட்டுக் கைபேசித் திரையில் காட்டினார்; கடைசி இரண்டு அங்குலம் அம்மை வடு விழுந்த முகம் போல இருந்தது. அடைப்புத் திருகின் மரைப் பக்கமாக ஒரு கோடும் தெரிந்தது.

அது கீறலா, வெறும் துருவா என்று கண்டுபிடிக்க வெல்டிங் ஆய்வில் பயன்படுத்தும் சிவப்புச் சாயத்தைக் கொண்டுவந்தார். பாய்லர் தொழில் உள்ள திருச்சியில் அது கிடைப்பதற்குப் பஞ்சமில்லை. பரப்பைச் சுத்தம் செய்து, சாயத்தைத் தடவி, 20 நிமிடம் விட்டு, துடைத்துவிட்டு, வெள்ளைப் பொடி மருந்தைத் தெளித்தால், விரிசலுக்குள் போன சாயம் வெள்ளையின் மேல் சிவப்புக் கோடாகக் கசிந்து வரும். எங்களுடையதில் நிப்பிளைச் சுற்றி நகக்கீறல் போல ஒரு கோடு வந்தது. இந்தச் சோதனை பரப்பில் திறந்திருக்கும் விரிசலை மட்டுமே காட்டும். இரும்பு உள்ளுக்குள் மெலிந்திருப்பதைக் காட்டாது. ஆகவே சாயம் கோடு காட்டவில்லை என்பதைச் சுடலாம் என்ற அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குழலின் சுவர்க் கனத்தையும், எங்காவது வீங்கியிருக்கிறதா என்பதையும் அளவுக் கருவியால் தனியாகப் பார்க்க வேண்டும்.

அவருடைய கட்டணம் 4,000 ரூபாய். இரண்டு நாள் வேலைக்கு இது குறைவு என்றே எனக்குத் தோன்றியது.

7. முத்திரைகளைப் படிக்கும்போது

பூட்டிலிருந்த சிங்கம் கிழக்கிந்தியக் கம்பெனி 19ஆம் நூற்றாண்டில் தன் ஆயுதங்களில் பொறித்தது. அது யாருடைய பொருள் என்று சொல்லுமே தவிர, தாங்குமா என்று சொல்லாது. லண்டன் டவரிலிருந்த அரசு ஆயுதக் கிடங்கைக் குறிக்கும் “டவர்” என்ற சொல்லும் அப்படித்தான். அதிலும் அந்தச் சொல்லைப் பொறித்த போலிகள் ஏராளம், எழுத்து கோணலாகவோ தலைகீழாகவோ இருந்தால் சந்தேகப்படுங்கள். குழலின் வலிமையைச் சோதித்ததற்கு அடையாளம் குழலின் அடியில் இருக்கும் கிரீட முத்திரைகளே. லண்டனிலும், 1813 முதல் பர்மிங்காமிலும், வழக்கத்தைவிடக் கூடுதல் மருந்து கெட்டித்துச் சுட்டுப் பார்த்துத் தாங்கியவற்றுக்கு அவை இடப்பட்டன.

அந்தச் சோதனை நடந்த நாளில் குழல் புதியது, சோதித்தது கருமருந்தால். 1880களில் வந்த புகையில்லா மருந்தை இதே குழலில் போட்டால் அழுத்தம் பல மடங்கு ஏறிக் குழல் கையிலேயே பிளந்துவிடும். உங்களுக்குக் கிடைத்தது பழைய ரிவால்வர் என்றால், தோட்டா உள்ளே நுழைகிறது என்பதை வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள். பிரிட்டிஷ் தயாரிப்பான பழைய 455 வெப்லி ரிவால்வர்களின் உருளையைச் சீவி, வேறு வகைத் துப்பாக்கிக்கான 45 ஏசிபி தோட்டா நுழையும்படி செய்து விற்றதுண்டு. நுழையும், ஆனால் அதன் அழுத்தம் அந்த ரிவால்வருக்கு மிக அதிகம்.

8. அறிக்கையில் இரண்டு கேள்விகளுக்கும் தனித்தனியே பதில் வாங்குங்கள்

“இப்போது இருக்கும் நிலையில் பாதுகாப்பாகச் சுட முடியுமா?” என்பது ஒரு கேள்வி. “பழுதுபார்த்தால் சுட முடியுமா?” என்பது வேறொரு கேள்வி. ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, பழைய மாதிரியோ தொன்மை மதிப்புள்ளதோ பழுதானதோ ஆன துப்பாக்கி, பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடப் பயன்படாது என்றால் மட்டுமே அதற்கு விலக்குத் தருகிறது. பழையது என்பதாலேயே உரிமம் வேண்டாம் என்று ஊரில் பலரும் சொல்வார்கள். பாதிச் சட்டத்தைப் படித்துவிட்டுச் சொல்வது அது. ஆகவே இரண்டு கேள்விக்கும் “முடியாது” என்று வந்தால் விலக்குக் கேட்கலாம். இரண்டாவதற்கு “முடியும்” என்று வந்தால் உரிமம் தேவை. விலக்குக் கிடைக்கட்டும் என்று வீட்டிலேயே குழலில் துளைபோடுவதும் ஈயத்தை ஊற்றி அடைப்பதும் புதிய வழக்குக்கு வழிவிடும்.

எங்கள் அறிக்கை ஒரு பக்கம். இன்றைய நிலையில் சுடத் தகுதியற்றது, குழலின் அடியில் ஆழ்ந்த துருக்குழிகளும் நிப்பிளைச் சுற்றி விரிசலும் உள்ளன, பாதிநிலைப் பூட்டு நிற்கவில்லை என்று முதல் பதில். குழலுக்குப் புதிய உட்குழாய் போட்டு, பூட்டைச் சரிசெய்தால் சுடும் நிலைக்குக் கொண்டுவர இயலும் என்று இரண்டாவது பதில். அந்த இரண்டாவது வரியால் விலக்கு இல்லை என்றாகி, தம்பி வாரிசு உரிமத்துக்கு மனுக் கொடுத்தான். ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம் என்ற 2019ஆம் ஆண்டு வரம்பு பரம்பரையாக வந்தவற்றுக்கும் பொருந்தும். அவனிடம் வேறு எதுவும் இல்லாததால் அது தடையாகவில்லை. பழுதுபார்க்கப் போவதில்லை என்று வீட்டில் பேசி முடித்துவிட்டோம்.

அறிக்கையை மூன்று பிரதிகள் வாங்கினோம். ஒன்று மனுவோடு, ஒன்று கடையில், ஒன்று என்னிடம் பிடோக் வீட்டில். மனு இன்னும் விசாரணையில் இருக்கிறது. துப்பாக்கி திருச்சிக் கடையின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. கடை ரசீதை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதால், ஏப்ரல் முதல் வாரத்துக்கு என் கைபேசியிலும் தம்பியின் கைபேசியிலும் நினைவூட்டல் வைத்திருக்கிறோம்.